முருகலட்சுமியின் பங்கு

நீதித்துறை நடுவர் முன்பாகச் சாட்சியம் அளித்து, பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்

சாட்சியின் பெயர்: தங்கலட்சுமி
வயது: 36
தகப்பனார் பெயர்: சங்கரலிங்கம் (காலமானவர்)
கணவர் பெயர்: முத்துராஜ்
தொழில்: டீக்கடை
முகவரி: தூத்துக்குடி ரோடு, பந்தல்குடி, அருப்புக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் லாரிகளுக்குப் பஞ்சர் பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் அதற்குப் பக்கத்தில் டீக்கடை நடத்தி வருகிறேன். இன்று நான் சொல்லப்போவதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேனா என்று நீதிபதி அவர்கள் கேட்டார்கள். ஆம் என்று சொன்னேன். சொன்னால் அண்ணனுக்குப் பாதகமாகும் என்பது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னேன்.

என் பிறந்த ஊர் திருச்சுழி வட்டம் ஆவாரங்கேந்தல். என் தகப்பனாரை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அய்யாவுக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவர் அண்ணன் கோட்டைச்சாமி. அடுத்தவள் அக்காள் முருகலட்சுமி. கடைசி நான். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அதன் பிறகு எனக்குத் தலை சீவி விட்டதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டதும் அக்காள்தான்.

எங்களுக்கு ஊருக்கு மேற்கே இரண்டரை ஏக்கர் கரிசல் புஞ்சை இருந்தது. வானம் பார்த்த நிலம். புரட்டாசியில் மழை இறங்கினால் பருத்தியும் உளுந்தும் போடுவோம். மழை ஐப்பசிக்குப் பிந்தினால் கொத்தமல்லி விதைப்போம். மழை பொய்த்த வருஷம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போம். அண்ணனும் அய்யாவும் விறகு வெட்ட, நானும் அக்காளும் மண் சுமந்து மூட்டத்தை மூடுவோம். ஒரு முழு வெயில் காலமும் நாங்கள் இருவரும் ஒரே கருப்பாகத் திரிந்த வருஷம் உண்டு.

எனக்குப் பதினேழு வயது நடக்கும்போது, அய்யா அந்தப் புஞ்சையில் போர் போட முடிவு செய்து, திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டியைக் கொண்டுவந்தார். அறுநூறு அடிக்கு மேல் இறக்கியும் மாவு மாதிரி வெள்ளைப் புழுதிதான் வந்ததே தவிரத் தண்ணீர் வரவில்லை. அதோடு வண்டியில் ஏதோ உடைந்துபோய், அதற்கு உதிரி வரும்வரை ரிக் ஆட்கள் எங்கள் புஞ்சையிலேயே தங்கினார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து சோறு போயிற்று. அதைக் கொண்டுபோனது அக்காள். அந்த ஆட்களில் செல்லமுத்து என்று ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். தண்ணீர் வராததற்கு அய்யாவிடம் தானே தப்புச் செய்தவர் மாதிரி மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வண்டி போய்ச் சில மாதங்கள் கழித்து, மாசி மாதத்தில், அக்காள் அருப்புக்கோட்டையில் துணி தைக்கக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். நான் மல்லிச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். புஞ்சை வழியாக வந்து, வரப்பில் நின்று, "தங்கம், வாரேன்" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சரி என்றேன். அதுதான் நான் அவளிடம் நேரில் கடைசியாகப் பேசியது.

அன்று அவள் திரும்பி வரவில்லை. செல்லமுத்துவோடு போய்விட்டாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அய்யா திருச்செங்கோடு போனார். போய் வந்தவர் துண்டை உதறிப் போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கா" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அன்றிலிருந்து அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். வீட்டில் அவள் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். சில வருடங்களில் செல்லமுத்து ரிக்கோடு வடக்கே போய்விட்டதாகத் தகவல் வந்தது. அதன் பிறகு தகவலே இல்லை. அய்யா இறந்தபோது எங்களிடம் இருந்த செல்லமுத்துவின் பழைய போன் நம்பருக்கு நானே கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ வேறு பாஷையில் பேசினார்கள்.

அய்யா இறந்த பின், வாரிசுச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.  நான் மூன்று என்று சொன்னேன். அண்ணன் மறுக்கவில்லை. அதன்படி புஞ்சை எங்கள் மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாறியது.

எனக்கு முத்துராஜுடன் திருமணமாகிப் பந்தல்குடிக்கு வந்த நாளிலிருந்து, ரோட்டில் எந்த ரிக் வண்டி நின்றாலும் ஓடிப்போய் எந்த ஊர் வண்டி என்று கேட்பது எனக்கு வழக்கம். செல்லமுத்து என்று ஒருவரைத் தெரியுமா, அவர் சம்சாரம் முருகலட்சுமி என்று கேட்பேன். தெரியாது என்பார்கள். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் கணவர் ஒருநாளும் இதற்காக என்னைக் கடிந்துகொண்டதில்லை. ரிக் வண்டிக்குப் பஞ்சர் என்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாக வேலை பார்ப்பார்.

கொரோனா முடிந்த மறுவருடம், எங்கள் ஊர் வழியாகப் புறவழிச்சாலை வருகிறது என்று அளந்து, மஞ்சள் வண்ணம் அடித்த கல் ஊன்றினார்கள். சாலை எங்கள் புஞ்சையை மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போனது. இரண்டு ஓரத்திலும் மிஞ்சியது ஏர் திருப்பக்கூட இடம் காணாத முக்கோணத் துண்டுகள். அதன் பிறகு நெடுஞ்சாலைச் சட்டப்படி நாளிதழில் அறிவிப்புப் போட்டார்கள். அதில் சர்வே எண்ணுக்கு நேராகக் கோட்டைச்சாமி, முருகலட்சுமி, தங்கலட்சுமி என்று எங்கள் மூன்று பெயரும் ஒரே வரியில் இருந்தன. கடைக்கு டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் நான் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நிலம் போகிறதே என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். இதை அக்காள் எங்காவது பார்ப்பாளா என்பதுதான் எனக்கு யோசனையாக இருந்தது.

அதன் பிறகு ஆட்சேபணை சொல்வதற்காக நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஊர்க்காரர்கள் பலர் கிணற்றுக்கும் மரத்துக்கும் மதிப்புக் கேட்டார்கள். சாலையைக் கொஞ்சம் தள்ளிப் போடக்கூடாதா என்று சிலர் கேட்டார்கள். வட்டாட்சியர் அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, நீங்கள் ஆட்சேபணை சொன்னால் நாங்கள் எழுத்தில் பதில் தரவேண்டும், ஆனால் நீங்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் இறுதி அறிவிப்பு வெளியாகும் தேதியில் நிலம் அரசாங்கத்துக்கு ஆகிவிடும் என்றார். என் முறை வந்தபோது, எங்கள் அக்காளுக்கும் இப்படித் தகவல் தாக்கல் அனுப்புவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "மொகவரி இருந்தா அனுப்புவோம்மா. இல்லைன்னா அந்த நெலத்துலயே ஒட்டுவோம். அது அவுகளுக்குக் கொடுத்தமாதிரி கணக்கு" என்றார்.

அதன்படி கிராம உதவியாளர் எங்கள் புஞ்சையில் நின்ற உடைமரத்தில் அக்காளுக்கு உள்ள அறிவிப்பை ஒட்டினார். 'திருமதி முருகலட்சுமி அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, விசாரணைக்கு நேரில் ஆஜராகித் தங்கள் உரிமையைத் தெரிவிக்கவும் என்று இருந்தது. நான் அதைப் பார்க்கவே பந்தல்குடியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அடுத்த வாரம் போனபோது பசைக்கு ஆசைப்பட்டு ஆடு அதைக் கடித்து இழுத்திருந்தது. நான் கிராம உதவியாளரிடம் வேறு பிரதி கேட்டு வாங்கி, கடையில் மைதா காய்ச்சி, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் ஒட்டினேன். ஆளில்லாத காட்டில் யார் வந்து படிக்கப்போகிறார்கள் என்று அண்ணன் கேட்டார். நான் ஒட்டி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

அதன் பிறகு இழப்பீட்டு விசாரணைக்குத் தேதி வந்தது. பங்குதாரர் எல்லாரும் வந்து ஒத்துச் சொன்னால் நேராகக் கொடுப்பார்கள், ஒருவர் வராவிட்டாலோ தகராறு இருந்தாலோ தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிடுவார்கள், அதிலிருந்து எடுக்க வழக்கு நடத்தவேண்டும் என்று சொன்னார்கள். அண்ணன் பக்கத்து ஊரில் ஒரு கரிசல் புஞ்சையைப் பேசி வைத்திருந்தார். சாலை வருவதால் நிலம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. உழ நிலமில்லாத சம்சாரி என்று பெயர் எடுக்கும் முன் அதை வாங்கிவிட வேண்டும் என்று அவர் அலைந்தார். அந்தச் சமயத்தில்தான் இந்த வழக்கின் இரண்டாம் எதிரியான ராஜகுரு என்ற நிலத் தரகர் அண்ணனோடு பழக்கமானார். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் கூட இருக்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தங்கம், நாளைக்கு ஆபீசுக்கு வந்துரு. ஒங்கக்கா வருது" என்றார். அக்கா என்று அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. எங்கே இருந்தாள், எப்படிக் கிடைத்தாள் என்று நான் கேட்கக் கேட்க, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த டயரைக் கீழே போட்டுவிட்டு, "நெசமாவா?" என்றார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. எனக்குப் பொங்கலுக்கு எடுத்த, இன்னும் உடுத்தாத சேலை ஒன்றை அக்காளுக்காகப் பையில் வைத்தேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவளுக்குப் பிடித்த காராச்சேவு வாங்கினேன். திருச்சுழி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, அவளைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அய்யா இறந்ததைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வேண்டும். இப்படி.

அலுவலகத்துக்கு நான் போனபோது வராந்தா பெஞ்சில் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணனும் ராஜகுருவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அந்தப் பெண்ணின் உடல்வாகும், கொண்டை போட்டிருந்த விதமும் அக்காளைப் போலவே இருந்தன. நான் வாசலில் நின்றே "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. எங்கள் அக்காளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் தடவை கூப்பிட்டால் ஏன் என்று கேட்க மாட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். அதற்காக அவளை அய்யா எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அதனால் அந்தப் பெண் திரும்பாததைக் கண்டதும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. நான் ஓடினேன். ஓடிக்கொண்டே இன்னொரு முறை கூப்பிட்டேன். அந்தப் பெண் திரும்பினார். அவர் யாரோ.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் வேகமாக வந்து என் கையைப் பிடித்துத் தூண் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "நீ ஒண்ணும் பேச வேணாம் தங்கம். கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு" என்றார். ராஜகுரு, "பேரு அதே முருகலட்சுமிதான் தங்கச்சி. ஆதார்ல புருசன் பேருதான் இருக்கு, அப்பன் பேரு கெடையாது. ஒரு பொய்யும் எழுதலை" என்றார். அந்தப் பெண் கமுதிப் பக்கத்தவர் என்றும், அவர் பெயரும் முருகலட்சுமி என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு அண்ணனும் ராஜகுருவும் வரிசை பார்க்க உள்ளே போனார்கள். நான் பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அவர் என்னைப் பார்த்து, "கோவிச்சுக்கிறாதீக. நல்ல காரியம்னுதான் சொன்னாக" என்றார். அதன் பிறகு, அதிகாரி கேட்டால் சொல்வதற்கு எல்லாம் தயாராக இருப்பதாகவும், அண்ணன் நேற்று முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததாகவும் சொன்னார். என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டேன். அவர் பாடம் ஒப்பிப்பது மாதிரி, மெதுவான குரலில் சொன்னார்.

"எனக்கு மல்லி வாடை ஆகாது, புடுங்கையில தும்மிக்கிட்டே இருப்பேன். எடது முழங்கையில கரிமூட்டத்துல சுட்ட தழும்பு, அதைக் கேட்டா மூடிக்கிரணும். மழை வந்தா வீட்டுக்குள்ள ஓட மாட்டேன், வெளிய வருவேன். தங்கச்சிக்குத் தலை சீவுனா இறுக்கிப் பின்னுவேன், அது அழுகும். ஒரு தடவை கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேன், ரெண்டாந்தடவைதான்."

இவற்றை எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. சர்வே எண்ணும், நான்கு எல்லையும், தகப்பனார் பெயரும் தெரிந்தால் போதும். இருந்தும் அண்ணன் இவ்வளவையும் சொல்லியிருக்கிறார். அவள் பெயரைச் சொன்னால் எழுந்து போகிற அண்ணன், அவளைப் பற்றி ஒன்றையும் மறக்கவில்லை என்று எனக்கு அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து இன்னும் கேட்கவேண்டும் போல இருந்தது. வேறு என்ன சொன்னார், வேறு என்ன என்று கேட்டேன். அவரும் நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னார். உள்ளே கூப்பிடும்வரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை, நான் கையை எடுத்தபோதுதான் கவனித்தேன்.

உள்ளே வட்டாட்சியர் அம்மா எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து, பட்டாவையும் ஆதாரையும் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் தகப்பனார் பெயரும் எல்லையும் கேட்டார். அவர் கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை என்று சரியாகச் சொன்னார். அதன் பிறகு வட்டாட்சியர் என்னைப் பார்த்து, "நீங்கதானே அன்னைக்கு அக்காவைக் கேட்டது. வந்துட்டாகளா, சந்தோசம். இவுகதான் ஒங்க அக்கான்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

ஆமாம் என்று சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வட்டாட்சியர் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்துவிட்டார். அவர் எழுதிவிட்டால், எங்கள் அக்காள் வந்துவிட்டாள், பங்கை வாங்கிக்கொண்டாள், போய்விட்டாள் என்று ஆகிவிடும். அதன் பிறகு அவளைத் தேட ஒரு காரணமும் மிச்சமிருக்காது. அவளே ஒருநாள் வந்து நின்றாலும், நீ ஏற்கெனவே வந்துவிட்டாய் என்று அரசாங்கம் சொல்லும். இது என் மனதில் பட்டதும் நான், "இவுக எங்க அக்கா இல்லைங்கம்மா. எங்க அக்கா இன்னும் வரலை" என்று சொன்னேன்.

அண்ணன், "ஏ கிறுக்கி" என்று சத்தம் போட்டார். ராஜகுரு வெளியே நடந்துவிட்டார். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். வட்டாட்சியர் விசாரணையை நிறுத்திக் காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பினார். போலீஸ் வரும்வரை எங்களை வராந்தாவிலேயே இருக்கச் சொன்னார்கள். அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அவ வரமாட்டா தங்கம். வாரவளா இருந்தா அய்யா செத்தன்னைக்கே வந்திருப்பா" என்றார். "யாருண்ணே தாக்கல் சொல்லிவிட்டா அவளுக்கு?" என்று கேட்டேன்.  அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று சொன்னதால், என் பையிலிருந்த காராச்சேவுப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்பது என் எண்ணம். ஜீப்பில் ஏறும்போது அண்ணன், கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய், நேரத்தோடு பஸ் ஏறு என்று என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு இழப்பீட்டுத் தொகை முழுவதையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டதாகத் தபால் வந்தது. அண்ணன் பேசி வைத்திருந்த புஞ்சையை வேறு ஒருவர் வாங்கிக்கொண்டார். எங்கள் புஞ்சையில் இயந்திரம் இறங்கி, கரிசலை ஆள் உயரத்துக்கு வழித்து ஓரத்தில் குவித்தார்கள். உடைமரத்தை எடுத்துவிட்டார்கள். செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். இப்போது போய்ப் பார்த்தால் எங்கள் நிலம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே அடையாளம் சொல்ல முடியாது.

அதன் பிறகு, வழக்கை விசாரித்த உதவி ஆய்வாளர், உண்மையான முருகலட்சுமி இருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்வதற்காக ரிக் உரிமையாளர்களிடம் விசாரித்து, செல்லமுத்து கர்நாடகாவில் ராய்ச்சூர்ப் பக்கம் பம்ப்செட் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, என் முன்னாலேயே அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, விவரம் சொல்லி, போனை என் கையில் கொடுத்தார்.

"அக்கா, நான் தங்கம் பேசுறேன்" என்றேன். பதில் இல்லை. பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. "அக்கா" என்று மறுபடி சொன்னேன். "ஏ புள்ள" என்றாள். அதன் பிறகு, "ஒங்குரலு அம்மா குரலு கணக்கா ஆயிருச்சே" என்றாள். அவள் பேச்சில் நம் ஊர்ப் பேச்சோடு வேறு ஊர் இழுப்பும் சேர்ந்திருந்தது. அய்யா நல்லா இருக்காகளா என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டாள். சொன்னேன். மோட்டாரை யாரையோ நிறுத்தச் சொன்னாள்.  உதவி ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு அக்காள், "இப்ப எதுக்குப் புள்ள தேடுனீக?" என்று கேட்டாள். நான் புஞ்சையை ரோட்டுக்கு எடுத்ததையும், அவள் பங்கு இருப்பதையும், நடந்ததையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ரோட்டுக்குத்தான் தேடுனீகளாக்கும்" என்றாள். "எங்கன கையெழுத்துப் போடணுமோ இங்க அனுப்பிவிடச் சொல்லு. போட்டு அனுப்புறேன். எனக்கு ஒண்ணும் வேணாம், அண்ணனே எடுத்துக்கிறட்டும்" என்றாள். ரிக் வண்டி நின்றபோதெல்லாம் அவளை விசாரித்ததைச் சொல்ல வந்தேன். அதற்குள் லைன் அறுந்துபோனது. மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அதன் பிறகும் நான் பலமுறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒருமுறை மட்டும் எடுத்து, பேசாமல் வைத்திருந்தாள். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீதிபதி அவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் வருமாறு:

கேள்வி: உங்கள் அண்ணன் மீது உங்களுக்கு முன்விரோதம் ஏதும் உண்டா?

பதில்: இல்லை. என் அண்ணனை இந்த வழக்கில் முதல் எதிரி என்று எழுதியிருக்கிறார்கள். அது சட்டத்தில் சொல்கிற வார்த்தை என்று சொன்னார்கள். எனக்கு அவர் எதிரி இல்லை. அவர் ஜாமீனில் வந்த பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்து டீ குடித்தார். அக்காள் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

கேள்வி: உங்கள் அக்காளிடம் அங்கிருந்தே கையெழுத்து வாங்கிப் பங்கை முடித்துக்கொள்ளலாம் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொன்னார்களா?

பதில்: சொன்னார்கள். அங்கேயே ஒரு வழக்கறிஞர் முன்னால் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால் போதும், அவர் நேரில் வரத் தேவையில்லை என்றார்கள். அப்படிச் செய்யவேண்டாம் என்று நான் மனுக் கொடுத்திருக்கிறேன். காரணம் கேட்டார்கள். மனுவில் காரணம் எழுதவில்லை.

கேள்வி: ஆள்மாறாட்ட வழக்கில் உண்மையான முருகலட்சுமியும் சாட்சியாக விசாரிக்கப்பட வேண்டியவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பதில்: இன்று இங்கே சொல்லித்தான் தெரியும். அழைப்பாணை அனுப்பினால் அவள் நேரில் வந்துதான் ஆகவேண்டுமா என்று கேட்டேன். வரவேண்டும் என்று சொல்லப்பட்டது.

கேள்வி: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

பதில்: நான் அவளை ரோட்டுக்காகத் தேடவில்லை என்பதை இதில் எழுதிக்கொள்ள வேண்டும். அழைப்பாணையில் விசாரணைத் தேதியை அவளுக்குச் சொல்லும்போது எனக்கும் சொல்ல வேண்டும். அவள் போனபோது இருந்த ஊர் இப்போது இல்லை, பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அவளுக்குத் திக்குத் தெரியாது. மதுரையிலிருந்து வருகிற பஸ்களை நான் நின்று பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு அண்ணன் கூண்டில் நிற்பார். அக்காள் சாட்சி சொல்ல நிற்பாள். நானும் சாட்சியாகக் கூப்பிடப்படுவேன் என்று சொன்னார்கள். எங்கள் மூன்று பேரையும் ஒரே அறையில் சேர்த்து வைக்க இந்த நீதிமன்றத்தால்தான் முடியும். தேதியைச் சீக்கிரம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எழுதியபடி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கேட்டேன். நான் கண்டதும், என் காதால் கேட்டதும், எனக்குத் தெரிந்ததும்தான் இதில் உள்ளன. கூட்டியதோ மறைத்ததோ இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)
மு. தங்கலட்சுமி